காட்டுக்குள் ஒரு திண்ணை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பணியிலிருக்கும் பிள்ளைகளைக் காணச் சென்று, சில திங்கள் தங்கித் திரும்பும் பெற்றோர்கள் நம் சங்கத்தில் இன்று பலர் உளர். அவர்கள் கொண்டுவரும் செய்திகளுள் ஒன்று நம் சிந்தனையைத் தூண்டியது. விடுமுறை நாள்களில் பிள்ளைகள் அவர்களைத் தேசியப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே கூடாரம் அடித்து இரவு தங்குவதற்கென்றே திடல்கள் அமைந்துள்ளன. கூடாரத்தைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு முதியவர், சில வேளைகளில் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு, நடந்து வருகிறார். முகமன் கூறுகிறார், எந்த ஊர் என்று விசாரிக்கிறார், உணவுப் பொருள்களை எங்கே வைத்துப் பூட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு அடுத்த கூடாரத்திற்குச் செல்கிறார். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் அதே முதியவர் வாளியும் கரண்டியும் ஏந்தி அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருக்கிறார். அவர் அதிகாரியா, வேலையாளா என்பதே நம் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி.

அவர் இரண்டும் அல்லர். அவரை அந்நாட்டார் 'கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட்' என்கின்றனர். கூடாரத் திடலுக்கு வருவோரை உபசரிப்பவர் என்பது அதன் பொருள். உபசரிப்பாளர் என்றே நாம் இங்குக் குறிப்போம். அவர் ஊதியம் பெறுவதில்லை. வேனிற்காலம் முழுவதுமோ, அதில் ஒன்றிரண்டு திங்களோ அத்திடலிலேயே குடியிருந்து பணி செய்வதாக ஒப்புக்கொண்டு வந்தவர். அவருக்குக் கிடைப்பது தம்முடைய வீட்டு வண்டியை நிறுத்திக்கொள்ள ஓர் இடம். வசதியுள்ள திடல்களில் தண்ணீரும் மின்சாரமும். பிறர் இரவொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தித் தங்கும் இடத்தில் அவர் கட்டணமின்றித் தங்குகிறார். அதற்கு ஈடாகப் பல திடல்களில் வாரத்திற்கு 20 மணி முதல் 40 மணி நேரம் வரை உழைக்கிறார்.

இத்தொண்டு எவ்வாறு நடைபெறுகிறது, எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம். சொந்த ஊரை விட்டு வந்து, சங்கம் அமைத்து, தொண்டர்களை நம்பிக் காரியங்களை நடத்தும் நமக்கும் அதில் கற்றுக்கொள்ளத் தக்க பொருள் உண்டு.

முதலில் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் 1872ஆம் ஆண்டில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஏற்பட்டது. இத்தகைய பூங்காக்கள் பல தோன்றிய பின், 1916ஆம் ஆண்டில் அவற்றைப் பரிபாலிப்பதற்குத் தனித் துறை நிறுவப்பட்டது. 1964ஆம் ஆண்டில் வனாந்தரச் சட்டம் என்னும் ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி வனாந்தரம் என்று குறிக்கப்பட்ட நிலத்தில் சாலை போடுதல் கூடாது. மோட்டார் வண்டி புகுதல் கூடாது. விடுதி, கடை முதலியன எழுப்புதல் கூடாது. மனிதன் அங்கே வந்து போகும் விருந்தினனேயன்றிக் குடியிருப்பவன் அல்லன் என்பது அச்சட்டத்தின் உட்கருத்து. தொடக்கத்தில் 91 லட்சம் ஏக்கராக இருந்த அந்நிலப்பரப்பு இன்று 11 கோடி ஏக்கருக்கும் மேலாக வளர்ந்துள்ளது.

கலிபோர்னியா மாநிலத்திலுள்ள யோசெமிட்டிப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 7,48,000 ஏக்கர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேற்பட்ட நிலம் 1984ஆம் ஆண்டில் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய சிறு பகுதியிலேதான் சாலைகள், விடுதிகள், கடைகள், 13 கூடாரத் திடல்கள் ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு வருவோர் தொகையோ சுமார் 40 லட்சம். அத்தனை பேரும் முதலில் வந்து இறங்குவது அந்தச் சிறு பகுதியில். அங்கே ஒழுங்கு குலைந்தால், உள்ளே பரந்து கிடக்கும் காட்டுக்குக் கேடு விளைய நெடுநேரம் ஆகாது.

நம் பழைய வீடுகளில் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே திண்ணை இருந்தது. வழிப்போக்கன் அதில் அமரலாம், படுத்து இளைப்பாறலாம், வீட்டுப் பெரியவர் வந்து யார், எவர் என்று கேட்பார், தண்ணீர் கொடுப்பார். வீட்டின் உள்ளே புகுதல் மட்டும் எல்லோருக்கும் உரியதன்று. கூடாரத் திடல் அந்தப் பெருங்காட்டின் திண்ணை. உபசரிப்பாளர் அத்திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்.

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது? காலையில் எழுந்ததும் திடலைச் சுற்றி வருகிறார். பயணிகள் புறப்பட்டுச் சென்ற இடங்களில் குப்பையைப் பொறுக்குகிறார். இரும்பு வளையத்துக்குள் அமைந்த அடுப்புக் குழிகளிலிருந்து, ஆறிய சாம்பலை அள்ளுகிறார். பல திடல்களில் கழிப்பறையைத் துப்புரவு செய்வதும், அங்கே காகிதம் தீராமல் பார்ப்பதும் அவர் பொறுப்பே. முன்பதிவு செய்தோர் பெயர்ச் சீட்டுகளை உரிய கம்பத்தில் பொருத்துகிறார். பிற்பகலில் புதியவர்கள் வரத் தொடங்குவர். அவர்களுக்கு இடம் காட்டுகிறார்; நடைபாதைகள் எங்குள்ளன, மழை வருமா, ஆற்றில் இறங்கலாமா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்கிறார். இரவு 10 மணி ஆனதும் ஓசை அடங்க வேண்டும் என்பது பெரும்பாலான திடல்களின் விதி. ஆகவே படுக்கைக்குச் செல்லுமுன் இன்னும் ஒரு சுற்று வருகிறார். நோயுற்றவர்களுக்கும் வழிதவறிய குழந்தையைத் தேடுபவர்களுக்கும் நள்ளிரவில் தட்டுவதற்கு உரிய கதவும் அவருடையதே.

இவற்றுள் மிக முக்கியமானது முதல் முகமனோடு அவர் சொல்லும் உணவுப் பாதுகாப்புச் செய்தி. யோசெமிட்டியில் சில நூறு கருங்கரடிகள் வாழ்கின்றன. கரடியின் மோப்ப ஆற்றல் மிகப் பெரிது. பூட்டிய காருக்குள் இருக்கும் தின்பண்டத்தை மோந்து கதவைப் பிளந்து எடுக்கும் வன்மையும் அதற்கு உண்டு. 1998ஆம் ஆண்டில் மட்டும் அப்பூங்காவில் கரடிகளால் 1,500க்கும் மேற்பட்ட சேத நிகழ்ச்சிகள் பதிவாயின. நட்டம் ஆறு லட்சம் டாலரைத் தாண்டியது. அதன்பின் இரும்புப் பெட்டகங்களும், கரடியால் திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளும், விடாது சொல்லிச் சொல்லிப் பழக்கிய அறிவுரையும் சேர்ந்து அந்த எண்ணிக்கையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டன.

இதில் உயிர்ப் பிரச்சினை மனிதனுக்கு மட்டும் உரியதன்று. மனித உணவின் சுவை கண்ட கரடி மீண்டும் மீண்டும் மனிதர் தங்கும் இடத்திற்கே வருகிறது, அச்சம் நீங்குகிறது, துணிவு மிகுகிறது. முடிவில் அதனால் மனிதர்க்குத் தீங்கு நேருமென்று கருதி அதிகாரிகளே அதைக் கொன்றுவிட நேர்கிறது. யாரோ ஒருவர் சோம்பலால் மேசைமேல் விட்டுச்சென்ற ரொட்டித் துண்டுக்குத் தண்டனை அடைவது கரடி. உபசரிப்பாளர் நம் கூடாரத்திற்கு வந்து பெட்டகத்தைத் திறந்து காட்டும்போது அவர் காப்பது நம்மை மட்டுமன்று என்பதை உணர வேண்டும்.

அடுத்தது விறகு. வீட்டிலிருந்து விறகு கொண்டுவந்தீர்களா என்று அவர் கேட்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். விறகு விற்றுக் காசு பார்க்கவே அப்படிக் கேட்கிறார் என்று எண்ணுவோரும் உண்டு. காரணம் வேறு. ஆஷ் என்னும் மரத்தைத் துளைத்து அழிக்கும் ஒரு பச்சை வண்டு ஆசியாவிலிருந்து வந்து, 2002ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் மறைந்து வாழ்கிறது. வண்டு தானே பறந்து செல்லும் தூரம் குறைவு. விறகுக் கட்டைக்குள் இருந்துகொண்டு காரில் ஏறிச் செல்லும் தூரத்திற்கோ அளவில்லை. அவ்வாறு பரவி அது கோடிக்கணக்கான மரங்களை அழித்துவிட்டது. ஆதலால் எரிக்கும் இடத்துக்கு அருகிலேயே விறகை வாங்குங்கள் என்று வேண்டுகின்றனர்.

தீயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் யோசெமிட்டியை அடுத்த தேசிய வனத்தில் ஒரு தீ பற்றியது. அது பூங்காவுக்குள்ளும் புகுந்து 2,50,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. தடையை மீறி வேட்டைக்காரர் ஒருவர் மூட்டிய தீ கட்டுக்கடங்காமற் போனதே காரணம் என்று வனத்துறை அறிவித்தது. ஓர் அடுப்புத் தீ, இரண்டரை லட்சம் ஏக்கர். இதை அறிந்தவர்கள், உபசரிப்பாளர் வந்து, தீயின்மேல் நீரை ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடியும் ஊற்றுங்கள், புறங்கையை அருகே வைத்துச் சூடு இல்லை என்று தெரிந்தபின் படுங்கள் என்று சொல்லும்போது முகம் சுளிக்க மாட்டார்கள்.

இத்துணைப் பொறுப்புகளைச் சுமக்கும் அவருக்கு உள்ள அதிகாரம் என்ன? எதுவும் இல்லை. அபராதம் விதிக்க முடியாது. யாரையும் வெளியேற்ற முடியாது. நள்ளிரவில் கூச்சலிடுவோரிடம் சென்று ஒருமுறை இனிய சொல்லால் வேண்டிக்கொள்ளலாம். கேளாவிடில் வாக்குவாதம் செய்யாமல் திரும்பி, வானொலிக் கருவியின் வாயிலாக ரேஞ்சரை அழைக்க வேண்டும். அபராதச் சீட்டு எழுதுவது சட்ட அதிகாரம் பெற்ற ரேஞ்சரின் வேலை. யோசெமிட்டியில் உணவைப் பெட்டகத்தில் வைக்காதவருக்கு 5,000 டாலர் வரை அபராதம் விதிக்க விதி இருக்கிறது. அதைச் சொல்லி எச்சரிக்கலாமேயன்றி வசூலிக்க உபசரிப்பாளரால் ஆகாது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தோம்பும் இம்முதியவருக்கோ அதிகாரம் என்று ஒன்று இல்லை.

ஆயினும் அவர் சொல் பெரும்பாலும் செல்கிறது. காரணங்கள் இரண்டு என்று நமக்குப் படுகிறது. ஒன்று, அவர் அங்கேயே குடியிருக்கிறார். ரோந்து வரும் வண்டி போய்விடும், குடியிருப்பவர் போகமாட்டார். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைவிட, இது ஒருவருடைய வாசல் என்னும் எண்ணமே மனிதனை அதிகம் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது காரணம் இன்னும் வலியது. குப்பை போடாதீர் என்று சொல்கிறவரே காலையில் குனிந்து குப்பையைப் பொறுக்குகிறார். கழிப்பறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பவரே அதைக் கழுவுகிறார். அவர் கையில் துடைப்பம் இருப்பதால் அவர் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு ஏற்படுகிறது. துடைப்பத்தைத் தொடாமல் சொல் மட்டும் வழங்கும் தொண்டர்களுக்கு அம்மதிப்பு வருவதில்லை.

இப்பணிக்கு வருவோரில் மிகுதியானவர் ஓய்வு பெற்ற தம்பதிகள். அரசாங்கம் 'வாலண்டியர் டாட் கவ்' என்னும் இணையத்தளத்தில் எந்தத் திடலுக்கு எத்தனை பேர் தேவை என்று வெளியிடுகிறது; விண்ணப்பித்தோரின் நடத்தையை விசாரித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இயற்கைக் காட்சிகளைக் கண்டு களிக்கும் ஓய்வுக் காலம் என்று எண்ணி வருபவர் ஏமாற்றம் அடைவார். உயர்ந்த மலைத் திடல்களில் வேனில் தொடக்கத்திலும் பனி கிடக்கும். பனி உருகினால் கொசுக்கள் மொய்க்கும். பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு கிடையாது. கடைக்குப் போக ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வருவோர் பெருக்கத்தால் ஓய்வு என்பதே இராது. எனினும் ஆண்டுதோறும் அதே திடலுக்குத் திரும்பி வருவோர் பலர். வாழ்நாள் எல்லாம் பிறருக்குக் கீழோ மேலோ வேலை பார்த்தவர்களுக்கு, கீழும் மேலும் இல்லாத ஒரு வேலை முதுமையில் கிடைக்குமானால் அதன் இனிமை பெரிதுதான்.

இதுவரை சொன்னவை அனைத்தும் தொண்டின் சிறப்பு. இனி, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் நம்மால் கேளாமல் இருக்க முடியாத ஒரு கேள்வி உண்டு. ஒருவர் கூலியின்றிக் கழிப்பறை கழுவினால், கூலிக்குக் கழுவிப் பிழைத்த இன்னொருவர் என்ன ஆவார்? சம்பளப் பட்டியலில் ஓர் இடம் காலியாகிறது. அந்த வேலையை எப்படியோ யாரோ செய்துவிடுகின்றனர். அடுத்த ஆண்டு, வேலைதான் நடக்கிறதே, ஆள் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கின்றனர். இவ்வரலாறு எந்நாட்டு அலுவலகத்திற்கும் பொதுவானது.

அமெரிக்கர்களும் இதை நினைக்காமல் இல்லை. தேசியப் பூங்காக்களில் தொண்டர்களை ஏற்றுக்கொள்ள வழிவகுத்த சட்டம் 1970ஆம் ஆண்டில் நிறைவேறியது. தேசிய வனங்களுக்கு அத்தகைய சட்டம் 1972ஆம் ஆண்டில் வந்தது. அவற்றின்படி தொண்டர் அரசாங்க ஊழியர் அல்லர். ஆயினும் பணியில் காயமுற்றால் ஊழியருக்கு உரிய நட்டஈடு அவருக்கும் உண்டு. ஊதியம் பெறும் ஊழியரை அகற்றிவிட்டு அவ்விடத்தில் தொண்டரை அமர்த்தலாகாது என்பது பூங்காத் துறையின் கொள்கை.

இன்னொரு நுட்பமும் உண்டு. தேசிய வனங்களிலுள்ள கூடாரத் திடல்கள் பலவற்றைத் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்து நடத்துகின்றன. அங்கும் இதே வேலை, இதே சாம்பல், இதே வாளி. ஆனால் 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் ஊதியச் சட்டத்தின்படி, இலாப நோக்குடைய நிறுவனம் ஒருவரிடம் ஊதியமின்றித் தொண்டு பெறுதல் கூடாது. பொதுமக்களின் உடைமைக்குக் கொடுக்கும் உழைப்பு தொண்டு. ஒருவருடைய இலாபத்திற்குக் கொடுக்கும் உழைப்பு வேலை. இந்த எல்லைக்கோடு நமக்கு மிகவும் நேரியதாகத் தோன்றுகிறது.

தொண்டு மட்டும் நின்று, பணியாளர் இல்லாதொழிந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்நாடு கண்டது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 22 முதல் 2019ஆம் ஆண்டு ஜனவரி 25 வரை, வரவு செலவுத் தகராற்றால் அரசாங்க அலுவல்கள் பல 35 நாள் நின்றுபோயின. பூங்காக்கள் பலவற்றின் வாயில்கள் திறந்தே இருந்தன. ஊழியர்களோ பெரும்பாலும் இல்லை. கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் சுற்றுப்புறத்து மக்கள் தாமாகவே வந்து குப்பைத் தொட்டிகளைக் காலி செய்தனர், கழிப்பறைகளைக் கழுவினர். அவர்களுடைய பெருந்தன்மையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் நிரம்பி வழிந்த மலக்குழிகளை இறைக்க அவர்களால் ஆகவில்லை. பாதையை விட்டு விலகி வண்டிகளை ஓட்டியவர்களைத் தடுக்கவும் ஆகவில்லை. அப்பூங்காவிற்குப் பெயர் தந்த மரங்கள் சில சேதமுற்றன. மிக மெதுவாக வளரும் மரங்கள் அவை.

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் பூங்காத் துறையின் நிரந்தரமாக்கப்படாத ஊழியர் சுமார் 1,000 பேர் ஒரே நாளில் பணி நீக்கம் செய்யப்பட்டனர். அவ்வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. யோசெமிட்டியில் பூட்டுச் சாவி வேலைக்கு இருந்த ஒரே ஒருவரும் நீக்கப்பட்டோரில் சேர்ந்திருந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. கழிப்பறைக் கதவிலிருந்து துப்பாக்கி அறை வரை எல்லாப் பூட்டுகளையும் அறிந்த ஒருவரின் இடத்தை, அன்பு மிகுந்த ஒரு முதிய தம்பதியால் எவ்வாறு நிரப்ப முடியும்?

நம் நாட்டு ரயில் நிலையங்களையே பாருங்கள். வட இந்தியக் கோடையில், வண்டி வந்து நின்றதும் சாரணச் சிறுவர்களும் தொண்டர்களும் வாளியும் குவளையுமாக ஓடி வந்து சன்னல்தோறும் தண்ணீர் வார்க்கின்றனர். இரண்டாம் வகுப்பில் குழந்தையோடு வரும் தாய்க்கு அது அமுதம். நிலையத்துப் பணியாளர்களால் அத்தனை சன்னல்களுக்கும் அத்தனை விரைவில் செல்ல இயலாது. ஆனால் தண்ணீர் வார்க்கும் சிறுவன் கையில் பச்சைக் கொடியைக் கொடுத்து வண்டியை அனுப்பச் சொல்வார் உண்டோ? கொடி பிடிப்பவனுக்குப் பயிற்சி உண்டு, சம்பளம் உண்டு, தவறினால் கேள்வியும் உண்டு. கொடி பிடிப்பவன் இருப்பதனால்தான் தண்ணீர் வார்ப்பவனும் அச்சமின்றி அங்கே நிற்கிறான்.

திண்ணையின் இயல்பும் இதுவே. திண்ணை வீட்டுக்கு அழகு, வழிப்போக்கனுக்கு நிழல். ஆனால் அது வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பது. சுவரை இடித்துவிட்டுத் திண்ணையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. தொண்டு ஊதியப் பணிக்குத் துணை, மாற்று அன்று. உபசரிப்பாளர் இனிமையாகப் பேச முடிவது, பேச்சு பலிக்காதபோது வருவதற்கு ஒரு ரேஞ்சர் இருப்பதனால்தான்.

இதை அப்படியே நம் நாட்டுக் காடுகளுக்குக் கொண்டுவரலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. யானையும் புலியும் உலவும் நம் காப்பகங்களில், நினைத்த இடத்தில் கூடாரம் அடித்து இரவைக் கழிக்க முடியாது. அது முறையும் ஆகாது. இங்கே காட்டின் வாசலில் நிற்பவர் வனக்காப்பாளரும், தினக்கூலிக்கு இரவு பகல் நடக்கும் காவலரும் ஆவர். உள்ளே செல்லும் நாம் அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தலே அவருக்குச் செய்யும் முதல் உதவி.

பிள்ளைகளோடு அமெரிக்கத் திடல்களில் தங்கச் செல்லும் நம் பெற்றோர்களுக்குச் சில குறிப்புகள் சொல்வது பயன் தரும். கரடி உள்ள பூங்காக்களில் பெட்டகத்துள் வைக்க வேண்டியது சோறும் குழம்பும் மட்டுமல்ல. ஊறுகாய், பொடி வகைகள், சோப்பு, பற்பசை, தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெய் உட்பட மணமுள்ள அனைத்தும் ஆகும். குடிநீர்க் குழாயடியில் பாத்திரம் கழுவுதல் பல திடல்களில் தடுக்கப்பட்டுள்ளது. கழுவிய நீரைக் கொட்டுவதற்குரிய தொட்டியைக் கேட்டறிக. தாளிப்பின் மணத்தை அடைக்கப் பெட்டகம் இல்லை. ஆகையால் சமையலை இருட்டுமுன் முடித்துத் துப்புரவாக்கிவிடுதல் நன்று. இரவு 10 மணிக்கு மேல் பாட்டுப் பெட்டியை நிறுத்திவிடுக. உபசரிப்பாளர் வந்தால், பேரப்பிள்ளையை முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினாலும் கைகூப்பி வரவேற்று ஒரு குவளை காப்பி கொடுங்கள். நாள் முழுவதும் பிறரை உபசரிப்பவரை உபசரிக்க நினைப்பவர் சிலரே.

இறுதியாக நம் சங்கத்திற்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, நூலகம், பொங்கல் விழா என்று யாவும் தொண்டர்களால் நடப்பவை. விழாப் பந்தியில் பரிமாற இளைஞர்கள் முந்தி நிற்கின்றனர், மகிழ்ச்சிக்குரியதே. பந்தி முடிந்தபின் இலை எடுப்பதற்கும், மண்டபத்தைக் கூட்டுவதற்கும், கழிப்பறையைக் கழுவுவதற்கும் மண்டபத்துத் துப்புரவாளர் ஒருவரே எஞ்சுகிறார். அன்று அவருக்கு வேலை மும்மடங்கு, கூலி ஒருமடங்கு. இங்கே இரண்டு செய்தல் வேண்டும். வேலை மிகுந்த அளவுக்கு அவர் கூலியும் மிகுதல் வேண்டும். அக்கூலியைக் கொடுத்த பின்னரும், பரிமாறிய கைகள் துடைப்பத்தையும் தொடுதல் வேண்டும். கூலியைக் குறைக்கத் தொண்டைக் காரணம் காட்டுதலும், கூலி கொடுத்தாயிற்று என்று தொண்டை நிறுத்துதலும் ஒன்றுபோல் பிழை.

வரும் பொங்கலுக்கு விழாக்குழு கூடும்போது பரிமாறுவோர் பட்டியலுக்குக் கீழே இன்னொரு பட்டியலையும் எழுதுக. அதில் முதற்பெயர் சங்கத்தின் பதவியாளர்களுள் ஒருவருடையதாக இருந்தால், இரண்டாம் பெயருக்கு ஆள் தேட வேண்டியிராது.